ஆந்தூரியத்துக்கு எவ்வளவு தண்ணீர்

என்னைப் போலத் திமிர் பிடித்த தோட்டக்காரி அப்போது கவரைப்பேட்டைப் பக்கம் கிடையாது. பத்து வயதிலிருந்து நாற்று நட்ட கை, தொட்டால் துளிர்க்கும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன். நாங்கள் கூலிக்கு நடவு நட்ட வயல்களில் எழுபதுகளில் ஒரு தொழிற்சாலை வந்தது. கணவருக்கு அதில் மூட்டை தூக்கும் வேலை. எனக்கு மேனேஜர் பங்களாவில் தோட்ட வேலை. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் என்று மேனேஜர் வீட்டம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் மதிப்பு உண்டு.

அந்த அம்மா ஏற்காட்டிலிருந்து ஓர் ஆந்தூரியத்தை ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மெழுகு பூசியது போலப் பளபளக்கும் ஒரே சிவப்பு மடல், அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் திரி. இப்படியும் ஒரு பூவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போனார்.

நடவுக்காரிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். ஏரி வண்டலை அள்ளிப் போட்டேன். தொட்டியின் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, தினமும் விளிம்பு வரை ஊற்றினேன். அவர் திரும்பி வந்து தொட்டபோது தண்டு கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து நாறியது.

"வேரும் மூச்சு விடும்மா. தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டியே" என்றார் அம்மா. மேனேஜர் அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை. அடுத்ததும் போனால் நீயும் போக வேண்டியதுதான் என்றார்.

அடுத்த செடிக்கு அம்மாவே என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். மண்ணே கூடாது. அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டை போதும். நேர் வெயில் ஆகாது, மாமர நிழல் வேண்டும். மேலே காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் எங்கள் உப்புக் கிணற்றுத் தண்ணீர் இல்லை, பிடித்து மூடிவைத்த மழைத்தண்ணீர். ஆனால் இலைக்கு மட்டும் காலையும் மாலையும் ஈரத்துணி. ஒவ்வொரு இலையாக ஒற்றி எடுப்பேன். செடி பிழைத்தது, இரண்டு மொட்டும் விட்டது. தண்ணீர்தான் கொல்லும் என்பது என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

அந்தச் சித்திரையில் என் மகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவளுக்கு இரண்டரை வயது. கணவரின் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணி காட்டாதே. உள்ள போறதுதான் வெளிய வந்துகினு கீது. வயிறு காஞ்சா தானா நின்னுடும்."

எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வதுதான் அது. ஆனால் பெற்றவர்கள் யாரும் அதை முழுசாகக் கேட்டதில்லை. பெரியவர்கள் முதுகைத் திருப்பியதும் முந்தானையை நனைத்து இரண்டு சொட்டாவது பிள்ளையின் வாயில் பிழிவார்கள். நான் பிழியவில்லை. நான்தான் விஷயம் தெரிந்தவளாயிற்றே. கறுத்துப்போன அந்த வேர் கண்முன் வந்தது. "ம்மா, தண்ணி" என்று அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தபோது, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்கும் மறுநாளும் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தேன். எந்த இலையையும் விடவில்லை.

மறுநாள் பகல் வீட்டுக்கு வந்தபோது பேதி நின்றிருந்தது. அவள் தண்ணீர் கேட்பதையும் நிறுத்தியிருந்தாள். கண் குழி விழுந்து, நாக்கு காய்ந்து கிடந்தாள். "பாத்தியா, நின்னுடுச்சி" என்றார் கணவரின் அக்கா. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பங்களா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ, பேதியாகிற குழந்தைக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணுமே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றார்.

கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விரிந்திருந்த இரண்டு பூவையும் அவர் வெட்டி எடுத்து, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டுக் கல்லறையில் வைத்தார். தினமும் தண்ணீர் மாற்றி நிழல் கட்டினால் மூன்று வாரம் வாடாது என்றார். மேலே ஓலை கட்டி, மழைத்தண்ணீரையே கொண்டுபோய் நான் தினமும் மாற்றினேன். சொன்னபடியே அவை வாடவில்லை. பாட்டிலில் இருந்த பழைய தண்ணீரைச் சும்மா கொட்ட மனம் வராமல் அவள் தலைமாட்டில் ஊற்றுவேன். ஊற்ற ஊற்ற அந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது.