கேளாமல் காட்டிய பகடை

நல்லேப்பிள்ளியில் நெல்வயல் உடைய மோகனசுந்தரம் ஊராருக்கு உழவன். ஞாயிறு பிற்பகல்களில் நண்பர்களுக்குக் கதை நடத்துபவன். ஆட்டம் எளியது. அவன் சொல்லால் ஓர் உலகைக் கட்டுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு அதில் உலவுவார்கள். ஐயம் எழுந்த இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். கோபிநாத்தும் பள்ளியாசிரியை ஜீவிதாவும் அவன் வீட்டுக்கே வருவார்கள். வட்டவடையில் பூண்டு பயிரிடும் அழகுமலை, கல்லூரியில் அவனுக்கு இளையவன், கைபேசி வழியே சேர்வான். மலையில் சிக்னல் நிற்காது. ஆகையால் வீடியோவை அணைத்துவிட்டு, தான் உருட்டிய எண்ணை வாயால் சொல்வான். சொன்ன எண்ணே எண்.

மோகனசுந்தரமோ ஓர் அட்டையை நிறுத்தி, அதன் மறைவில் உருட்டுவான். கதை செழிக்குமானால் அவன் விதியைச் சற்றே வளைக்கலாம் என்று எல்லோரும் இசைந்திருந்தனர். அவ்வுரிமையை அவன் நெடுநாள் பிறர்க்காகவே செலவிட்டான். வெள்ளத்தில் மாய வேண்டிய ஜீவிதாவின் பாத்திரம் கரையேறியது அப்படித்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, பல வாரம் உழைத்துப் படைத்த கொடுங்கோல் மன்னனை அவன் களத்தில் இறக்கினான். வில்லாளியான அழகுமலைக்கு எண்கள் உயர்ந்துகொண்டே வந்தன, மன்னன் தள்ளாடினான். மன்னனைக் காக்க மோகனசுந்தரம் அட்டை மறைவில் உருட்டியபோது விழுந்தது நான்கு. பதினான்கு என்றான். அடுத்த அம்புக்கு அழகுமலை பத்தொன்பது என்றான். வந்த அன்றே மன்னன் செத்தான்.

"வட்டவடைப் பகடைக்கு உரம் பலமாத்தான் போட்டிருக்குது" என்றான் கோபிநாத். எல்லோரும் சிரித்தனர். அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொண்டு மோகனசுந்தரம் கேட்டான்: "ஏப்பா அழகுமலை, வீடியோவப் போட்டு அந்தப் பகடையக் கொஞ்சம் காட்டு, பாக்கலாம்."

சிரிப்பு அடங்கியது. சிறிது நேரத்தில் திரையில் ஒரு மரப்பலகையும், மண் படிந்த நகமும், அது சுட்டிய பத்தொன்பதும் தெரிந்தன.

"இந்தா இருக்குண்ணே. ஒங்க அட்டைக்குப் பின்னாடி என்ன விழுந்துச்சுன்னு நாங்க ஒருநாளும் கேட்டதில்லயே."

குரலில் சினமில்லை, அதுவே சுட்டது. மோகனசுந்தரத்தின் காலடியில் நிலம் பிளந்து இடம் கொடுத்திருந்தால் இறங்கியிருப்பான். ஜீவிதா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான்கு காட்டிக் கிடந்த தன் பகடையை மோகனசுந்தரம் உள்ளங்கையால் மூடினான்.

அடுத்த ஞாயிறு அட்டையை எடுத்துவிட்டு, அனைவர் கண்முன் உருட்டினான். போன வாரம் தான் கேட்டது தப்பு என்று அழகுமலையிடம் சொன்னான். அவன், அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆட்டத்தைத் தொடருங்கள் என்று பணிவாகவே சொன்னான்.

அவன் முறை வந்தது. யாரும் கேளாமலே வீடியோ எழுந்தது. படம் உறைந்தது, குரல் அறுந்தது, எல்லோரும் காத்திருந்தனர்.

"சொன்னாப் போதுமப்பா."

"இருக்கட்டும்ணே. பாத்துக்கங்க."

இன்றுவரை ஒவ்வொரு உருட்டலுக்கும் அப்படியே காட்டுகிறான். மோகனசுந்தரம் பார்க்க மாட்டாமல் பார்த்து, எண்ணை உரக்கச் சொல்கிறான்.