ஒரு கத்தரிக்கு இரண்டு பேர்

"இண்டைக்கு உங்கட மனசு எப்பிடி இருக்கு?" என்று டீச்சர் முதல் நாள் கேட்டதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "வெயில் டீச்சர்!" என்று கத்தியது. கேள்வி கேட்டால் சரியான விடையை எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். நாங்கள் அதுவரை படித்த படிப்பு அதுதான்.

கரும்பலகையில் டீச்சர் மூன்று படங்கள் கீறியிருந்தார். மனம் சந்தோசமாக இருந்தால் வெயில், ஒரு மாதிரியாக இருந்தால் முகில், கவலையாக இருந்தால் மழை. வெயில் முதலாவதாக இருந்தது. ஆகவே அதுதான் விடை என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள்.

"அப்பிடியில்லைப் பிள்ளையள். ஒவ்வொருத்தரும் தங்கட மனசைப் பாத்துச் சொல்லோணும். இதில சரி பிழை ஒண்டும் இல்லை."

சரியும் பிழையும் இல்லாத கேள்வியை எதற்காகக் கேட்க வேண்டும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. என் முறை வந்தபோது எழுந்து நின்று "இடி" என்றேன். டீச்சர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். அங்கே இடி இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மழைக்குப் பக்கத்தில் ஒரு மின்னலைக் கீறினார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அது நாங்கள் போருக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து முள்ளியவளையில் ஒரு கொட்டிலில் இருந்த காலம். எங்கள் பள்ளிக்கூடமும் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. அதற்கென்று கட்டடம் இல்லாததால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கட்டடத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் அவர்களுக்கு, மத்தியானத்துக்குப் பிறகு எங்களுக்கு. ஒரே மேசை, ஒரே வாங்கு, ஒரே கிணறு. ஆனால் காலைப் பிள்ளைகளும் மாலைப் பிள்ளைகளும் முகம் பார்த்துக் கதைத்ததே கிடையாது. மேசையில் மை கொட்டியிருந்தால் அவர்கள் செய்தது. வாங்கின் கால் உடைந்தால் நாங்கள் செய்தது. இரண்டு அதிபர்களும்கூட கரும்பலகையில் எழுதும் சோக்கட்டிப் பெட்டி ஒன்று காணாமல்போன விஷயத்தில் மனஸ்தாபப்பட்டுக் கதைக்காமல் இருந்தார்கள். பெரியவர்களே அப்படியென்றால் எங்களைக் கேட்கவா வேண்டும்.

டீச்சர் எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். இடம்பெயர்ந்த பிள்ளைகளின் மனதைத் தேற்றுவதற்கான பயிற்சி. அதன்பிறகு வாரத்தில் சில நாட்கள் கடைசிப் பாடத்தில் கணக்கு இல்லை, 'மனமகிழ்வு நேரம்'தான். வட்டமாக இருந்து மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டோம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்தோம். என் கையைப் பிடித்தவள் என்னைக் கொண்டுபோய் வேப்பமரத்தில் மோதவிட்டாள். நம்பிக்கையை வளர்க்கும் விளையாட்டு என்று அதற்குப் பெயர்.

எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. யாரோடும் சிநேகிதம் பிடிப்பதில்லை. அதற்கு முன் மூன்று இடங்களில் இருந்துவிட்டோம். ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தி கிடைப்பாள், நன்றாகப் பழகுவோம், பிறகு ஒரு நாள் அப்பா சைக்கிளில் பாயைக் கட்டுவார். அழுது அழுது எனக்கு அலுத்துவிட்டது. இனி அழுவதில்லை, அதனால் இனிப் பழகுவதும் இல்லை என்று ஒன்பது வயதில் தீர்மானித்துவிட்டேன். மனமகிழ்வு நேரம் என்னிடம் பலிக்காமல் போனதற்கு டீச்சரின் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் கத்தரிக்கன்று விஷயத்தில் டீச்சர் என்னை மடக்கிவிட்டார்.

ஒரு நாள் எங்களைக் கிணற்றுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் பாத்தி கட்டி வரிசையாகக் கத்தரிக்கன்றுகள் நடப்பட்டிருந்தன. "பயிற்சி தந்த ஆக்கள் அனுப்பியிருக்கினம். ஆளுக்கொரு கண்டு எடுங்கோ. தண்ணி விடுங்கோ, பராமரியுங்கோ. ஆரிட்டையும் சொல்லேலாததை அதிட்டச் சொல்லுங்கோ" என்றார். பெயர் எழுதித் தடி நடலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூடாதாம். தன் கன்றைத் தானே அடையாளம் காண வேண்டுமாம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

நான் மூலையில் நின்ற ஒரு நோஞ்சான் கன்றை எடுத்தேன். அதற்குக் கால் இல்லை, சைக்கிள் இல்லை, அது எங்கேயும் போகாது. அது எனக்குப் பிடித்திருந்தது. பால்மா வந்த தகரப் பேணியின் அடியில் ஆணியால் துளையிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டு அடுப்பிலிருந்து சாம்பல் கொண்டுவந்து இலைகளில் தூவினேன். பூச்சி வராமல் இருக்க அம்மா அப்படித்தான் செய்வார். பிறகு பக்கத்தில் குந்தியிருந்து உலகத்தில் யார் யாரோடு எனக்குக் கோபம் என்று விளக்கமாகச் சொன்னேன். நேரம் போதவில்லை, மிச்சத்தை அடுத்த நாள் சொன்னேன்.

சில நாட்களில் வில்லங்கம் தொடங்கியது. நான் இன்று தூவிய சாம்பல் நாளைக்கு இருக்காது. யாரோ துப்புரவாகக் கழுவிவிட்டிருப்பார்கள். மண் எப்போது பார்த்தாலும் சொதசொதவென்று இருந்தது. எனக்குத் தெரியாமல் யாரோ ஒரு தடி நட்டு என் கன்றை அதோடு கட்டியிருந்தார்கள். நான் தடியைப் பிடுங்கி எறிந்தேன். அடுத்த நாள் முன்னதைவிடப் பெரிய தடி. இதற்கிடையில் என் கன்றின் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. மற்றப் பிள்ளைகளின் கன்றுகளும் அப்படித்தான். ஆனால் மற்றவர்களின் கன்றைப் பற்றி எனக்கென்ன கவலை. உலகத்தில் எனக்கென்று இருந்த ஒன்று சாகப்போகிறது, யாரோ வேண்டுமென்றே சாகடிக்கிறார்கள்.

காலைப் பிள்ளைகளின் வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் சாப்பிடாமல்கூட வேளைக்கே புறப்பட்டுவந்து கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். காலைப் பள்ளிக்கூடம் விடுவதற்குத் தண்டவாளத்துண்டில் மணி அடித்தது. ஒரு கூட்டம் பேணிகளோடு ஓடிவந்தது. அதில் ஒருத்தி, தெத்துப்பல்காரி, நேரே என் கன்றிடம் போனாள். மூக்கைச் சுளித்தாள். ஒரு பேணி தண்ணீரை இலைகளின் மேல் ஊற்றி என் சாம்பலைக் கழுவத் தொடங்கினாள்.

பாய்ந்துபோய் அவளின் பின்னலைப் பிடித்தேன்.

"விடடி! ஆரடி நீ?"

"என்ர கண்டை ஏனடி சாக்கொல்லுறாய்?"

"உன்ர கண்டோ? இது என்ர கண்டு! நீயோ இதில குப்பை கொட்டுறனி?"

இரண்டு பேரும் சேற்றில் உருண்டோம். பக்கத்துக் கன்றுக்காரர்கள் உற்சாகப்படுத்தினார்கள். காலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு பக்கமிருந்து ஓடிவந்தார். அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிய எங்கள் டீச்சர், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மறுபக்கமிருந்து ஓடிவந்தார். எங்களைப் பிரித்துவிட்டு இரண்டு டீச்சர்மாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எங்கட பிள்ளையளுக்கு ஆளுக்கொரு கண்டு குடுத்தனாங்கள்" என்றார் காலை டீச்சர்.

"எங்கட பிள்ளையளுக்கும் ஆளுக்கொரு கண்டு..." என்று தொடங்கிய எங்கள் டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே பயிற்சிக்கு வேறுவேறு நாட்களில் போயிருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு கட்டுக் கன்றுதான் வந்தது. காலைப் பிள்ளைகள் அதை நட்டார்கள். நட்ட கன்றுகளைக் கண்ட எங்கள் டீச்சர், அவை எங்களுக்கு வந்தவை என்று நினைத்துவிட்டார். அதிபர்மார் கதைத்துக்கொள்ளாததால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பெயர்த்தடியும் கூடாது என்றாகிவிட்டது. ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு பேர் இரண்டு நேரமும் பாசத்தோடு தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகத் தொடங்கியிருந்தது. போதாக்குறைக்கு அந்தக் கன்றுகள் இரண்டு பள்ளிக்கூடத்துக் கவலைகளையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன.

டீச்சர்மார் இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து சிரித்தார்கள். கண்ணீர் வரச் சிரித்தார்கள். எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது போலும். எங்கள் இருவரையும் எதிரெதிராக நிற்கவைத்தார்கள். சண்டை பிடித்தவர்கள் 'நீ' என்று தொடங்கிக் கதைக்கக்கூடாது, 'எனக்கு' என்று தொடங்கித் தங்கள் மனதிலுள்ளதைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு," என்று தொடங்கினேன், "எனக்கு இவளுக்கு இன்னும் ரெண்டு அடி போடோணும் போல கிடக்கு."

"எனக்கு," என்றாள் அவள், "எனக்குச் சாம்பலெண்டால் அருவருப்பு. கையில பட்டாலே கூசும். ஆரோ என்ர கண்டில வேணுமெண்டு குப்பை போடுறாங்கள் எண்டு ராவிலயும் அழுதனான்."

நானும் அந்தக் கன்றுக்காக அழுதிருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் கன்றுகளைப் பங்கிட வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்தே வளர்க்கட்டும் என்று முடிவானது. அவள் தண்ணீர், நான் சாம்பல். தடி நிற்கலாம், ஆனால் கட்டு இளக்கமாக இருக்க வேண்டும். காலைப் பள்ளிக்கூடம் முடிந்து மாலைப் பள்ளிக்கூடம் தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில் பாத்தியடியில் சந்தித்தோம். முதலில் கன்றைப் பற்றி மட்டும் கதைத்தோம். பிறகு மேசையில் மை கொட்டியது யார் என்று கதைத்தோம். நான் சாம்பல் தூவும்போது அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டப் போய் நின்று, "போட்டிட்டியோ? போட்டிட்டியோ?" என்று கேட்பாள். வேளைக்கு வீட்டுக்குப் போகாததற்காக நெடுகலும் ஏச்சு வாங்கினாள். கன்று கருகருவென்று தழைத்தது. ஊதாப் பூ வந்தது. முதல் காய் பாதி அவளுக்கு, பாதி எனக்கு என்று பேசிக்கொண்டோம். என் கொள்கை எங்கே போனதென்று எனக்கே தெரியாது.

பூ வந்த கிழமையில் அப்பா பாயைக் கட்டினார். உடையார்கட்டில் தெரிந்த ஒருவர் தோட்டம் செய்யக் காணித்துண்டு கொடுத்திருந்தார். இடம் நல்லது, தண்ணீர் நல்லது, எல்லாம் நல்லது.

கடைசி நாள் பாத்தியடியில் அவளிடம் சொன்னேன். "நாளைக்கு நான் வரமாட்டன். நாங்கள் உடையார்கட்டுக்குப் போறம்."

அவள் பேணியைக் கீழே போட்டாள். "அப்ப ஆர் சாம்பல் போடுறது?"

"நீதான்."

"எனக்கு ஏலாது எண்டு உனக்குத் தெரியுந்தானே!" என்று கத்தினாள். பிறகு புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டாள். எனக்கும் கோபம் வந்தது. அன்று டீச்சர் மனசு எப்படி என்று கேட்டபோது "வெயில்" என்றேன். டீச்சர் என்னை நீண்ட நேரம் பார்த்தார்.

உடையார்கட்டுப் பள்ளிக்கூடத்தில் மனமகிழ்வு நேரம் இல்லை. யாரும் என் மனதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் யாரோடும் பழகவில்லை. கொள்கை திரும்பி வந்திருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். விட்டுவந்த கூரைத் தகரங்களை எடுக்க அப்பா முள்ளியவளைக்குப் போய், அங்கே தங்கி, அடுத்த நாள் பின்னேரம் திரும்பிவந்தார். சைக்கிளை நிறுத்தியதும், "உன்ர சிநேகிதி ஒருத்தி பள்ளிக்கூடத்தடியில மறிச்சுப்போட்டாள். சரியான சண்டைக்காரி. நேற்றே தந்திட்டாள், பழுதாப்போச்சோ தெரியேல்லை. இது உன்ர பாதி எண்டு சொல்லச் சொன்னவள்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து வாழையிலைச் சுருள் ஒன்றை எடுத்துத் தந்தார்.

பிரித்தேன். நீளவாக்கில் வெட்டிய பாதிக் கத்தரிக்காய். வெட்டிய முகம் முழுவதும் சாம்பல் அப்பியிருந்தது. பழுதாகாமல் இருக்க என்று நினைத்திருக்க வேண்டும். தடிப்பாக, ஓரமெல்லாம் விடாமல், விரலால் தேய்த்துத் தேய்த்துப் பூசியிருந்தாள். அந்தச் சாம்பலில் அவளின் விரல் அடையாளங்கள் அப்படியே இருந்தன.

நான் பெரிதாகக் குரலெடுத்து அழுதேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தார். "ஆரப்பா கத்தரிக்காய்க்குச் சாம்பல் பூசினது? கொண்டா கழுவ" என்று கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ" என்றேன்.

கனநேரம் கழித்து நானே கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவினேன். அம்மா அதைத் தனியாகப் பொரித்துத் தந்தார். ஒருவருக்கும் ஒரு துண்டும் கொடுக்காமல் நானே சாப்பிட்டு முடித்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளிடம் முதல்முறையாக அவளின் பெயரைக் கேட்டேன்.