கடைசி ஸ்வைன்கில்கள்

எங்கள் கார்த்வெல் ஊர்ச் சந்தையில் நின்று ஸ்மித் என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்வைன்கில் என்று கூப்பிட்டால் ஒரே ஒருவர்தான் திரும்புவார், அதுவும் முறைத்துக்கொண்டு. அவர் கிளிஃபோர்டு ஸ்வைன்கில். முப்பத்தோரு வருஷம் ஸ்கிப்டன் பஸ்ஸை ஓட்டியவர், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். நான் ஹெஸ்டர் பிரவுன். பிறப்பு, இறப்பு, திருமணம் பதிகிற அலுவலகத்தில் பதிவாளராக இருந்தவள். ஊரார் பெயர்களை எழுதியே என் கை தேய்ந்தது.

ஸ்வைன் என்றால் பன்றி. கில் என்றால் எங்கள் யார்க்ஷயர் பக்கம் மலையிடுக்கில் ஓடுகிற ஓடை. இரண்டாவது பாதியைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. முதல் பாதியை வைத்துக்கொண்டு அந்த மனிதரைப் படாத பாடு படுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பே பன்றி மாதிரி உறுமுமாம். பஸ் பணிமனையில் ஒருநாள் அவர் தொப்பிக்குள் பொரித்த பன்றி இறைச்சியை வைத்துவிட்டார்கள். அவரும் கவனிக்காமல் தலையில் வைத்துக்கொண்டு முதல் நடை ஓட்டிவிட்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி டொரீனிடம் அன்று ஒரு வார்த்தை பேசவில்லையாம். டொரீன்தான் என்னிடம் சொன்னாள்.

அவர்களுக்கு ஒரே மகள், லொரெய்ன். அப்பாவுக்கு நேர் எதிர். யாராவது உறுமினால் இவள் அதைவிடச் சத்தமாகத் திருப்பி உறுமுவாள். தன் பெயர் அவளுக்கு உயிர். புத்தகம், குடை, மழைச் செருப்பு என்று எதை வாங்கினாலும் முதல் வேலையாக அதில் ஸ்வைன்கில் என்று எழுதிவிடுவாள்.

அவள் கீத் ஸ்மித்தைக் கட்டிக்கொள்வது என்று முடிவானபோது, ஊரில் கிளிஃபோர்டைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் கிடையாது. மாப்பிள்ளை நல்ல பையன் என்பதற்காக மட்டும் இல்லை. மகள் இனி ஸ்மித். எவன் அவளைப் பார்த்து உறுமுவான்? தன்னால்தான் முடியவில்லை, மகளாவது தப்பித்தாள் என்று அந்த அப்பன் மனசு குளிர்ந்து கிடந்தது.

ஒரு மத்தியானம் லொரெய்ன் என் அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்வைன்கில்லாகவே இருக்கப் போவதாகச் சொன்னாள். கீத்துக்குச் சம்மதம். அப்பாதான் குறுக்கே நிற்கிறாராம். பெண்டாட்டி புருஷன் பெயருக்கு மாறியே ஆகவேண்டும், அது சட்டம், மாறாவிட்டால் பாஸ்போர்ட் கிடைக்காது, பிள்ளை பிறந்தால் பதிய மாட்டார்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். சட்டம் கிட்டம் எதுவும் கிடையாது, வெறும் பழக்கம்தான். அது எனக்குத் தெரியாதா?

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு ஆன்ட்டி. நீங்க பதிவாளர். ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். டொரீன் மாட்டிறைச்சி சுட்டு வைத்திருந்தாள். தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே கிளிஃபோர்டு என்னைக் கேட்டார். "நீயே சொல்லு ஹெஸ்டர். புருஷன் பேருக்கு மாறணும்னு சட்டம்தானே?"

லொரெய்ன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மென்று முடித்துவிட்டு, "எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க, கிளிஃபோர்டு" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலமானது. அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சும்மா. நான் பிறந்தபோது ஹெபிள்வைட். அழகான பெயர். பிரவுனைக் கட்டிக்கொண்ட அன்று மூச்சுக்கூட விடாமல் அதைக் கழற்றி வைத்தேன். நான் கொடுத்துவிட்டதை இந்தச் சின்னப்பெண் மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? மேஜையில் என் வாயைக் கட்டியது அந்தப் பொறாமைதான். லொரெய்ன் அதன் பிறகு வாதாடவில்லை. ஜூன் மாதம் ஸ்மித் ஆனாள். பிள்ளைகள் இரண்டு, இரண்டும் ஸ்மித்.

கிளிஃபோர்டு ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் டொரீன் போய்ச் சேர்ந்தாள். மனிதருக்குப் பொழுது போகவில்லை. தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தார், மாவட்ட ஆவணக் காப்பகமே கதி என்று கிடந்தார். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய வரிப் பட்டியல் ஒன்றில் ஸ்வைன்கில் ஜான் என்று ஒருவன் அகப்பட்டான். ஓக் கொட்டை தின்னப் பன்றிகளை ஓட்டிவிடுகிற ஓடைக்கரையில் ஒரு பண்ணை, அங்கே குடியிருந்தவன். உலகத்தில் இருந்த, இருக்கிற எல்லா ஸ்வைன்கில்களும் அந்த ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள். இன்று அந்தப் பண்ணை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. லீட்ஸ் நகரத்துக்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வெட்கப்பட்டுக்கொண்டே வாழ்ந்த பெயருக்கு எழுபது வயதில் மார்பை நிமிர்த்தினார். எனக்கு அவரைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, கொஞ்ச நாளைக்கு.

பிறகு எண்ண ஆரம்பித்தார். 1881 மக்கள்தொகைக் கணக்கில் அறுபத்தொரு ஸ்வைன்கில்கள். இப்போது மூன்று. இவர், ஹல் நகரத்து முதியோர் இல்லத்தில் இருக்கிற கல்யாணம் ஆகாத சித்தப்பா மகள் ஏவிஸ், நியூசிலாந்தில் பிள்ளையில்லாத ஒரு கிழவர். மற்றவர்கள் எங்கே போனார்கள்? சமையலறை மேஜை முழுவதும் ஒரு பெரிய வம்சப் படத்தை விரித்து, பெயர் நின்றுபோன இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். பிரான்சில் சண்டையில் செத்தவர்கள் நான்கு பேர். நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு. மற்ற கோடுகள் எல்லாம் பெண்களின் கல்யாண நாளில் விழுந்தவை. லொரெய்னுக்கு வந்ததும் கோடு போடாமல் பென்சிலைக் கீழே வைத்தார். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். இனி சில நாட்கள்தான் என்று டாக்டர் லொரெய்னிடம் சொல்லியிருந்தார். பார்வையாளர் நேரத்தில் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். லொரெய்ன் கட்டில் பக்கத்தில் இருந்தாள். ஐம்பது தாண்டியாயிற்று, முடியெல்லாம் நரை.

அவர் மூச்சு வாங்க வாங்க அவளிடம் கேட்டார். இப்போதெல்லாம் பெயரை மாற்றிக்கொள்ளலாமாமே, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாமே என்றார்.

"முப்பது வருஷமா ஸ்மித்துப்பா நான். பிள்ளைங்களும் ஸ்மித். இப்ப நான் ஒருத்தி மாறி, அப்புறம் அதை யாருக்குக் குடுக்கறது?" என்றாள். கொஞ்ச நேரம் போர்வையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே வெச்சுக்கறேன்னு சொன்னேன். நீங்கதான் விடல."

"அப்ப சட்டம் அப்படிம்மா. நான் என்ன பண்றது?"

"அப்படி ஒரு சட்டமே இல்லப்பா. எப்பவுமே இருந்ததில்ல."

அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் வந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஹெஸ்டர், உனக்குத் தெரியும். சட்டம்தானே?"

இல்லை என்று சொன்னால், அறுநூறு வருஷப் பெயரைத் தன் கையாலேயே அறுத்துவிட்டோம் என்ற நினைப்போடு அந்த மனிதர் போய்ச் சேருவார். அது ஒரு காரணம். இல்லை என்று சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அது இன்னொரு காரணம். எது பெரியது என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"சட்டம்தான் கிளிஃபோர்டு. அப்ப இருந்துச்சு, பின்னாடிதான் எடுத்தாங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் தளர்ந்து தலையணையில் அமர்ந்தது. லொரெய்ன் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். நானும் பின்னால் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நீங்க சும்மா இருந்தீங்க. போகட்டும்னு விட்டுட்டேன். இன்னைக்கு என்னையே பொய்க்காரி ஆக்கிட்டீங்க, ஆன்ட்டி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்ததால் அவள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஆன்ட்டி சொன்னதுதான் சரிப்பா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."