அண்ணன் போர்த்திவிட்ட கம்பளிக் கோட்டு

அண்ணன் எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அவருக்காக இரண்டு முறை அழுதவர்கள். முதல் முறை அழுதது யாருக்காக என்பதைச் சிலரே அறிவீர்கள். மற்றவர்களுக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றே எழுத உட்கார்ந்தேன். அண்ணனின் பெயர் அட்டையில் இருக்கிறது. இங்கே அதை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் அவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஆற்றோர லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அண்ணன். சிறு வயதிலேயே, காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போய் நின்று வேலைக்குப் பெயர் கொடுத்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி வலது முன்கையில் விழுந்த தழும்பு கடைசிவரை இருந்தது. தாம் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்துகொண்டு என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். இன்று நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பது அவருடைய உழைப்பில்தான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், திருமணமாகிச் சில மாதங்களில், பட்டாளத்தின் வேலைப் பிரிவில் சேர்ந்து திருகோணமலைப் பக்கம் போனார். அங்கே அவருடைய பெயரையே கொண்ட இன்னொருவர் இருந்தார். உடப்புசல்லாவைத் தோட்டத்துக்காரர். வரிசையில் பெயரைக் கூப்பிட்டால் இருவரும் சேர்ந்தே முன்னால் போவார்களாம். அப்படித்தான் நண்பர்களானார்கள்.

ஒரு மழை நாளில் அந்த நண்பருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி லாரியில் ஏற்றும்போது அவர் நடுங்குவதைப் பார்த்து, அண்ணன் தம் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். அதன் உள்பையில் அண்ணனின் பட்டாள அடையாளப் புத்தகம் இருந்தது. அன்றே அண்ணனின் குழு வேறு முகாமுக்குப் புறப்பட்டது. நண்பர் ஆஸ்பத்திரியில் இறந்தார். கோட்டில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, இறந்தவர் என் அண்ணன் என்று எழுதிவிட்டார்கள். உயிரோடு இருந்த அண்ணனை நண்பரின் இலக்கத்தில் சேர்த்துவிட்டார்கள்.

"இது என் நம்பர் இல்லீங்க" என்று அண்ணன் மேலாளிடம் சொல்லியிருக்கிறார். "பேரு உன் பேருதானே? சோறு வருதுல்ல? பேசாம போ" என்று பதில் வந்தது. நம்பர் ஏன் மாறியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தோட்டத்துக்குத் தந்தி வந்தது. அப்பா கருமாதி செய்தார். அண்ணியின் தாலியை இறக்கினார்கள். எழுதத் தெரியாத அண்ணனிடமிருந்து கடிதம் வராதது எங்களுக்குச் சந்தேகத்தைத் தரவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு நாள் பகலில் அண்ணன் லயத்து வாசலில் வந்து நின்றார். அவர் அண்ணியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, "அப்ப அவன் போயிட்டானா" என்றார். தம் நண்பர் இறந்த செய்தியை அண்ணன் அறிந்துகொண்டது அப்படித்தான்.

அவரை மஞ்சள் நீரில் குளிக்கவைத்து, மாரியம்மன் கோயிலில் மறுபடி தாலி கட்டவைத்து, அதன் பிறகே வீட்டுக்குள் விட்டார்கள். தேநீர்க் கடைக்காரர் வெகுநாள் வரை, "என்னண்ணே, டீயைக் கையில தரவா, படையல் போட்டு வைக்கவா?" என்று கேட்பார். "படையல்னா வடையும் சேர்த்து வைய்யி" என்பார் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணி மட்டும் அந்தக் கடைப் பக்கமே போகமாட்டார்.

நண்பரின் தாயிடம் உண்மையைச் சொல்ல அண்ணன் உடப்புசல்லாவைக்குப் போனார். மகன் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டதாக அந்தத் தாய்க்குத் தகவல் போயிருந்தது. இவரைக் கண்டதும் அவர் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி, "என் மகனோட கூட்டாளி வந்திருக்காரு. அவன் பின்னால வர்றான் போல" என்று சொல்லி உலை வைத்துவிட்டார். அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் திரும்பினார். ஆண்டுதோறும் பொங்கலுக்குப் போனார். ஒரு முறையும் சொல்ல முடியவில்லை.

நாடு சுதந்திரம் பெற்றதும் தோட்டத் தமிழரான நாங்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி வந்தது. பிரசாவுரிமைக்கு அண்ணன் விண்ணப்பித்தார். பட்டாளத்தில் இருந்தவர் என்று சொன்னதால் பழைய பதிவை வரவழைத்துப் பார்த்தார்கள். விண்ணப்பதாரர் இறந்துவிட்டார் என்று மனு திரும்பியது. அவருடைய மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த மண்ணில் ஆதாரம் இல்லாமல் போயிற்று.

நானும் அண்ணனும் கொழும்புக்குப் போனோம். அதிகாரி ஏட்டைப் புரட்டி, உன் அண்ணன் இறந்துவிட்டாரே என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணன், "அப்ப நான் வெளியில நிக்கிறேம்மா. அவரை உள்ள கூப்பிட்டுப் பேசு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அவருடைய கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

அதிகாரி கெட்டவர் அல்லர். அண்ணனின் பட்டாளத் தாளில் கைத்தழும்பு குறிக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் குறிப்பிலோ, இறந்தவருக்கு ஒரு காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன என்று இருந்தது. நண்பரின் தாள் தொலைந்துவிட்டது. அந்தக் கால் யாருடையது என்று அவருடைய குடும்பத்தார் சத்தியம் செய்து சொன்னால் திருத்தலாம் என்றார். குடும்பம் என்று இருந்தது அந்தத் தாய் ஒருவர்தான்.

அண்ணன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஆண்டுகள் போயின. பிள்ளைகள் வளர்ந்தார்கள். யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குக் கப்பலேறுவது என்று எங்கும் பேச்சானது. அண்ணி ஒரு நாள், "அந்தம்மா மனசு நோகும்னு பாக்குறீங்க. உசுரோட இருக்குற நம்ம புள்ளைங்களை எங்க கொண்டு போய் விடப்போறீங்க?" என்று கேட்டார். மறுநாள் அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்தத் தாய் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் எதிரே குந்தி, லாரி வந்த நாளிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆய்ந்தபடியே ஒன்று கேட்டார்.

"போத்திக்க ஏதாச்சும் இருந்துச்சாப்பா அவனுக்கு?"

"என் கோட்டு இருந்துச்சும்மா."

"கம்பளியா?"

"கம்பளிதாம்மா."

"அப்ப சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கம்மா. எடது காலு. சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் ஒட்டியிருக்கும். அடுத்தவன் செருப்பு அவனுக்குச் சேராது." நான் எழுதிய தாளில் அவர் பெருவிரலை அழுத்தினார். புறப்படும்போது அண்ணனிடம், "நீ வரும்போதெல்லாம் பின்னால ஒரு ஆளு வருதான்னு பாப்பேன்ப்பா. இனி நீ மட்டுந்தான் வருவ. வராம இருந்திடாதே" என்றார்.

பஸ்ஸில் அண்ணன் அந்தத் தாளை வலப்பனை தாண்டும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

திருத்தம் வந்தது. அண்ணன் உயிரோடு இருப்பவர் ஆனார். பிள்ளைகளின் மனு மறு விசாரணைக்கு எடுக்கப்பட்டு இன்னும் முடியாமல் இருக்கிறது. நண்பருக்குத் தாளே இல்லாததால் அவர் இறந்ததை எழுத இடமில்லை என்றார்கள். அவர் இன்று எந்த ஏட்டிலும் இல்லை.

மறு ஆண்டு அண்ணனுக்கு நெஞ்சு நோய் கண்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையை நான் போகும்போதெல்லாம் வாசிக்கச் சொல்வார். "பேரு கெடக்கட்டும். அப்பா பேரு இருக்கா பாரும்மா." இருக்கிறது என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் பிள்ளைகளின் பெயர் எழுதிய தாள் எதைப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மழை நாளில் மகன் தன் சட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டு வந்தால், பையில் என்ன இருந்தது என்று முதலில் கேட்கிறேன். அண்ணனின் தங்கை அப்படிக் கேட்கலாமா என்று பிறகு வெட்கப்படுகிறேன்.

அண்ணனின் இறுதிச் சடங்கின்போது, ஒருவருக்கு இரண்டு கருமாதி உண்டா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். உடப்புசல்லாவையிலிருந்து வந்து பெண்களோடு நின்றிருந்த அந்தத் தாய்தான் சொன்னார்: "அப்பச் செஞ்சது என் மகனுக்குப் போய்ச் சேந்துச்சு. இது இவருக்கு. செய்யுங்க."

பாடை சுமந்த தோட்டத்து மக்களுக்கும், ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்துக்கொண்டவர்களுக்கும், ஏட்டைத் திருத்தித் தந்த அதிகாரிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக அந்தத் தாய்க்கு. திருகோணமலைப் பக்கம், நண்பரைப் புதைத்த இடத்தில், ஒரு கல்லின் மேல் இன்னும் எங்கள் அப்பாவின் பெயரும் எங்கள் தோட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். அதைக் கண்டவர்கள் இருந்தால் தெரிவியுங்கள். அந்தக் கல்லுக்கு அதன் சொந்தத் தாயின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

மாதந்தோறும் அண்ணனின் திதியில் இரண்டு இலை போடுகிறோம், ஒன்று அண்ணனுக்கு, ஒன்று அவர் நண்பருக்கு. அந்தத் தாயும் வருகிறார். தோட்டத்துப் பாதையில் அவர் தனியாக ஏறி வருவதை வாசலில் நின்று பார்ப்பேன். வந்து சேர்ந்ததும் அவர் உள்ளே போய்விடுவார். நான் சற்று நேரம் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.