நல்லகாமன் கம்பெனிக்குச் சுழி பார்த்தது

கீழக்குயில்குடி நல்லகாமன் மாட்டுத் தரகர். மாட்டின் உடம்பில் மயிர் எங்கே சுழித்திருக்கிறது, அந்தச் சுழி வாங்குகிறவன் குடும்பத்தை வாழவைக்குமா கவிழ்க்குமா என்று சொல்வதில் மதுரைக்கு மேற்கே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கெட்ட சுழி மாட்டை ஒருத்தன் தலையில் கட்டிவிட்டுத் தரகு வாங்கினார் என்று அவரைப் பிடிக்காதவன்கூடச் சொன்னதில்லை. இதனால் அவருக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. வீட்டுக் கூரையில் ஓட்டை இருந்தது.

எண்பத்து நாலாம் வருசம் முழங்கால் மக்கர் பண்ணவும், சந்தைக்கு முழுக்குப் போட்டு, சொந்த உழவு மாட்டு ஜோடியையும் விற்றார். அந்தப் பணத்தில் ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட வேண்டும் என்பது மனைவி செல்லத்தாயின் கட்சி. கம்பெனிப் பங்கு வாங்கி, வரும் லாபத்தில் கூரை போடலாம் என்பது இவர் கட்சி.

"பொறுத்துப் பாக்குறேன். முடியலைன்னா மலை மேல இருக்குற சமணர் படுக்கைக்குப் போயிருவேன்" என்றாள் செல்லத்தாய். "கல்லுதான். ஆனா ஒழுகாதுல்ல."

செல்லத்தாயின் தம்பி காசிமாயன் ஏற்கெனவே பங்கு வியாபாரத்தில் கரைகண்டு ஸ்கூட்டரும் வாங்கியிருந்தான்.

"மச்சான், கண்ணை மூடிக்கிட்டு செண்பகா சாயக் கம்பெனியில போடுங்க."

"கண்மாயில மீனு செத்து மிதந்துச்சே, அந்தக் கம்பெனியா மாப்ள?"

"கேஸுதான் தள்ளுபடி ஆயிருச்சே! மீனு தானாச் செத்துச்சுன்னு ஆயிப்போச்சு."

"தண்ணி செவப்பா ஓடுச்சே?"

"அதுவும் தானாத்தான்."

அந்த வருசமே செண்பகாவுக்குச் சிறந்த தொழிலகம் என்று ஏதோ ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. பங்கு விலையும் எகிறியது. மீன்களுக்கு யாரும் எதுவும் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

நல்லகாமனுக்கு மனசு ஒப்பவில்லை. சுழி தெரிந்தே மாட்டைக் கொட்டத்தில் கட்டினால் ஊர் என்ன பேசும்? கீழமாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த ஜலீலைத் தேடிப் போனார். வட்டி ஆகாது என்று பேங்கு பக்கமே தலைவைக்காமல், பங்கில் மட்டும் பணம் போடுகிறவர் ஜலீல்.

"லாபமோ நட்டமோ ரெண்டும் நம்ம தலையில, அது ஹலால்ணே. ஆனா எந்தக் கம்பெனி யோக்கியம்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இந்தா பாருங்க, அம்புட்டுப் பேரும் யோக்கியம்னுதான் அச்சடிச்சிருக்கான்." வழவழப்பான பங்கு விண்ணப்பங்களை ஜலீல் எடுத்துப் போட்டார்.

"கொம்புக்கு வர்ணம் அடிச்சுத்தான் பாய் எவனும் மாட்டைச் சந்தைக்குக் கொண்டாருவான். நாம பின்பக்கம் போயி சாணி எப்படி விழுதுன்னு பாக்கணும்."

சொன்னதோடு நிற்காமல், திருமங்கலம் ரோட்டில் பங்கு வெளியிட்டிருந்த ஒரு பேட்டரிக் கம்பெனிக்குப் பஸ் ஏறினார். வாசல் பக்கமே போகவில்லை. பின்னால் சாக்கடை ஓரம் குத்தவைத்து, விரலை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்தார். அதைக் கண்ட வாட்ச்மேன், கழிவைச் சோதிக்கக் கவர்மெண்ட் ஆள் வந்துவிட்டதாக நினைத்து உள்ளே ஓடினான். மேனேஜர் மூச்சிரைக்க வந்தார்.

"சார், எதுனாலும் பேசிக்கலாம் சார்" என்று கையை நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாதபடி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் அங்கே பேரம். பழக்கதோசத்தில் நல்லகாமன் தோள் துண்டை உருவி இரண்டு பேர் கைமேலும் போட்டார். வேறு ஏதோ சந்தையில் அனுபவம் உள்ள மேனேஜருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. நல்லகாமன் இரண்டு விரலைப் பிடித்தார், மேனேஜர் தலையாட்டினார். பங்கு விலை படிந்துவிட்டது என்ற சந்தோசத்தில், எத்தனை பங்கு என்று சொல்ல நல்லகாமன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அதற்கும் மறுபேச்சு இல்லை. அடுத்த நிமிசம் துண்டுக்கடியில் ஒரு கனத்த கவர் வந்து உட்கார்ந்தது.

"ரிப்போர்ட்ல மட்டும் ஒண்ணும் எழுதிராதீங்க சார்."

"எந்த ரிப்போர்ட்டு? நான் பங்கு வாங்கலாம்னு வந்த ஆளுய்யா!"

கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். நெற்றி நடுவிலேயே கெட்ட சுழி இருக்கிற மாட்டை அவர் அன்றுதான் பார்த்தார்.

அப்புறம் திருவாதவூர் ரோட்டில் ஒரு ஆணிக் கம்பெனி. பின்பக்கத் தண்ணீர் ஒரு தொட்டியில் தெளிந்து வெளியே வந்தது. அது பாய்ந்த இடத்தில் கீரை முளைத்திருந்தது. கீரையை மேய்ந்த வாட்ச்மேனின் ஆடு கொழுகொழுவென்று இருந்தது. கம்போடு விரட்டி வந்த வாட்ச்மேன், பங்கு வாங்க வந்தேன் என்ற இவரை மேனேஜரிடம் கொண்டுபோய் நிறுத்தினான். மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மனுசன் கிரீஸ் கையோடு எழுந்தார்.

"பங்கு வாங்குறவரு சாக்கடையில என்னய்யா தேடுறீரு?"

சோதித்துவிடுவது என்று நல்லகாமன் துண்டை எடுத்து மேனேஜர் கைமேல் போட்டார். மேனேஜர் இரண்டு கையையும் அதில் அழுத்தித் துடைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றி."

கரியாகிப் போன துண்டை நல்லகாமன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சுழி இல்லை. மாடு விற்ற பணம் முழுவதையும் ஆணியில் போட்டார். ஜலீலும் கொஞ்சம் போட்டார்.

ஆணிக் கம்பெனி வருசம் தவறாமல் லாபம் கொடுத்தது. கான்கிரீட்டுக்குக் காணாது, வருசத்துக்குக் கொஞ்சம் ஓடு மாற்றலாம். நாலைந்து வருசத்தில் கிழக்குப் பக்கக் கூரை முழுக்கப் புதுசாகிவிட்டது. மேற்குப் பக்கம் முன்போலவே ஒழுகியது. செண்பகாவோ அதற்குள் இரண்டாவது கேடயமும் வாங்கிவிட்டது. காசிமாயன் அந்த லாபத்தில், அந்தக் கம்பெனிக்குப் பின்னாலேயே சல்லிசாக வந்த மனையை வாங்கி மாடிவீடு கட்டினான். கிணறும் வெட்டினான். தண்ணீர் ரோஸ் கலரில் வந்தது.

ஐப்பசி மாதம் ஒரு காலை, ராத்திரி மழையில் நனைந்த மேற்குப் பக்கத்தை செல்லத்தாய் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் காசிமாயன் ஸ்கூட்டரில் குடங்களோடு இவர்கள் கிணற்றுத் தண்ணீருக்கு வந்து நின்றான். அண்ணாந்து கூரையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, மச்சானோட ஆணிக் கம்பெனி இந்தப் பக்கத்தை இன்னும் போட்டுத் தரலையா?"

நல்லகாமன் தன் மனைவி முகத்தைப் பார்த்தார். இத்தனை வருசமும் அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"போடும் போடும், மெதுவாத்தான் போடும்" என்றாள் செல்லத்தாய். "நீ முதல்ல அந்தக் குடத்தைத் தேச்சுக் கழுவிட்டு எங்க கிணத்துக்குள்ள வாளியை விடு. உள்ளே பூரா உன் கம்பெனி ஒட்டியிருக்கு."

நல்லகாமன் கட்டிலைக் கிழக்குப் பக்கம் இழுத்துப் போட்டு, காலை நீட்டிப் படுத்தார்.