பழைய டாலருக்கு விலை சொன்ன ஆறு மாதம்

பழைய நோட்டில் அச்சிட்ட தொகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதுதான் எங்கள் தொழில். யூரோ வந்த புதிதில், பிராங்பேர்ட்டில் பழைய நாணயமும் நோட்டும் விற்கும் கடையொன்றில் சேர்ந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் நான் மதிப்பிட்ட ஒரு நோட்டு வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்தாலும் வேலை இல்லை என்று முதலாளி அம்மா சொல்லியிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் பங்கு அமெரிக்க நோட்டுகள். ஒரு காலத்தில் அங்கே சிற்றூர் வங்கிகள்கூடத் தம் பெயர் பொறித்த நோட்டுகளை வெளியிட்டன. வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் ஒப்பமிட்டார்கள்.

பெரிய ஊர்

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் நியூயார்க் வங்கியின் நோட்டைக் கொண்டுவந்தார். தாத்தாவின் தம்பி அங்கிருந்து அனுப்பியது. பெரிய வங்கி, நிறைய வெளியிட்டது, நிறைய மிஞ்சியிருக்கிறது. நான்கு தெரு உள்ள ஊரின் நோட்டென்றால் பல மடங்கு கிடைத்திருக்கும் என்றேன். அவர் நோட்டை உறையில் வைத்தார்.

"சின்ன ஊரிலேயே இருந்திருக்கலாம். மனிதர் முன்னேறித் தொலைத்துவிட்டார்."

வடிவான நோட்டு

கொலோனிலிருந்து எங்கள் நாட்டு அண்ணை ஒருவர், பழைய சாமான் சந்தையில் வாங்கிய நோட்டோடு வந்தார். தாள் மொடமொடவென்றிருந்தது. தடவினால் தட்டுப்படவேண்டிய எழுத்து மேடு தட்டையாகியிருந்தது.

"அயன் பண்ணினீங்களோ, அண்ணை?"

"ஓம். மனுசிதான். தண்ணி தெளிச்சு, மேல துணி போட்டு."

கசங்கலோடு விட்டிருந்தால் விலை கூடியிருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை.

"ஒஃபிஸில ஆரையும் பாக்கிற டெர்மினுக்குக் கசங்கின சேட்டோட போகேலாது எண்டு சொல்லினம். காசு மட்டும் கசங்கிக்கொண்டு வரவேணுமோ, தம்பி?"

காசாளர்

ஐந்தாம் மாதம் ஒரு முதிய பெண்மணி வந்தார். அவருடைய பெரியப்பா அயோவாவில் ஒரு சிற்றூர் வங்கியின் காசாளர்; தான் ஒப்பமிட்ட நோட்டு ஒன்றை இங்கே குடும்பத்துக்கு அனுப்பியிருந்தார். அந்த வங்கியின் நோட்டு இதைத் தவிர இன்னும் ஒன்றுதான் எஞ்சியிருப்பதாகத் தெரியும். முதலாளி அம்மா உடனே அமெரிக்காவில் ஒரு சேகரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து விலை பேசி முடித்தார்.

பிறகுதான் நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒப்பத்தில், மங்கிய பழுப்பு மையின் மேல் யாரோ நீல மையால் எழுதியிருந்தார்கள். சொன்னால் விற்பனை போகும். சொல்லாவிட்டால் என்றாவது நோட்டு திரும்பி வரும். சொன்னேன். முதலாளி அம்மா என்னைப் பார்க்காமல் மறுபடி அழைத்தார். சேகரிப்பாளர் விலகிக்கொண்டார்.

யார் எழுதியது என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். தன் பள்ளிப் பேனாவால் தானே எழுதியதாகச் சொன்னார்.

"வருடத்துக்கு வருடம் அவர் பெயர் மங்கிக்கொண்டு போயிற்று. பார்த்துக்கொண்டா இருக்கச் சொல்கிறீர்கள்?"

நான் குறை சொல்லி விற்காமல் போன அந்த நோட்டுக்காகத்தான் ஆறு மாத முடிவில் என்னை நிரந்தரமாக்கினார்கள் என்பதால், இந்தத் தொழிலில் லாபம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.