போனில் ஆடிய தாயம்

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது அந்த மாதங்களில் எனக்குப் பழகிப்போயிருந்தது. தொட்டி சீக்கிரம் காலியானதால் என் கணவர் மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டார்.

கொரோனா முதல் ஊரடங்கு. எனக்கு மார்பகப் புற்றுநோய், நாலாவது கீமோ முடிந்திருந்தது. நான் காரைக்குடியில் கணக்கு டீச்சர். "எதிர்ப்பு சக்தி குறைவு, யாரையும் கிட்டே விடாதீங்க" என்று டாக்டர் சொன்னதை என் கணவர் சட்டமாக்கிவிட்டார். மாடி அறையில் நான், கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டு. கத்தரிக்காயைக்கூட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். நானோ நாளைக்கு இருபது தடவை தெர்மாமீட்டரை வாயில் வைத்தேன். என்னை முதலில் கொல்லப்போவது புற்றுநோயா, கொரோனாவா? தூக்கம் வராத மனசு இதையே சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு நாள் மதியம் போன் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கீமோ ஏறும்போது பக்கத்து நாற்காலியில் இருந்த குன்றக்குடி அக்கா. வீட்டுக்காரர் தச்சு வேலை. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய்.

"என்ன டீச்சர், என்ன செய்யிறீக?"

"சும்மா படுத்திருக்கேன்க்கா."

"நானும் அதேதான். தாயம் ஆடுவமா?"

"போன்லயா?"

"ஆமா. கட்டம் வரைஞ்சுக்கிருங்க. விழுறத உள்ளபடி சொல்லணும்."

மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஆட்டம். முதல் பத்து நிமிடம் நோய்க்கு. வாய்ப்புண், வாந்தி, பயம் எல்லாவற்றையும் கொட்டிக்கொள்ளலாம். பிறகு அந்தப் பேச்சே கூடாது. அக்காவுக்குத் தேவைப்படும்போதெல்லாம் தாயம் விழுந்தது. இத்தனை தாயம் விழ வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்த நான், நியாயம் கேட்காமல், எனக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சொல்ல ஆரம்பித்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுவதும் எப்படியோ குறைந்துபோனது.

அப்புறம் ஒரு காலை நிஜமாகவே காய்ச்சல் வந்தது. நூற்றியொன்று. கணவர் காரை எடுத்தார். வழியில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"போயிட்டு வாங்க. உங்க காயி ரெண்டு இன்னும் பழம் ஏறல. பாதியில விட்டீகன்னா ஆட்டம் எனக்குத்தான்."

ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சியை விட்டுச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை தனி அறை. அன்று நாலு மணிக்கு அக்கா முதல்முறையாக வீடியோவில் வந்தார். தலையில் துண்டு, எதிரே சாக்பீஸ் கட்டம், அதில் புளியங்கொட்டைகள்.

"கட்டை எங்கக்கா?"

"கட்டையா? அது காணாமப் போயி வருசமாச்சு. வாயில வந்ததச் சொல்லுவேன்."

"அடப்பாவி! இத்தனை நாளும் ஏமாத்தினீகளா?"

"நீங்க மட்டும் யோக்கியமா? ஒரு வாரமா உங்களுக்கு ஒரு மூணுகூட விழல!"

நான் சிரித்த சிரிப்பில், தலையோடு கால் மூடிய உடுப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். மூச்சுத் திணறலோ என்று பயந்திருக்கிறார். மறுநாள் முடிவு வந்தது, கொரோனா இல்லை. வேறு கிருமித் தொற்றுதான். ஐந்து நாள் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

எங்கள் இருவருக்கும் சிகிச்சை முடிந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போது பரிசோதனைக்கு ஒரே பஸ்ஸில் மதுரை போகிறோம். போன தடவை ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு டீச்சர்."

"எனக்கும்தான்க்கா."

இருவருக்கும் நல்லபடியாகவே வந்தது. வெளியே வந்து ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். என் சால்னாவையும் அக்காவே ஊற்றிக்கொண்டார்.